இரண்டு சப்வூஃபரை ஒரே அறையில் சேர்ப்பது: 16க்கு 12 ஹாலில் செய்த வேலை

அறை 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. 12 அடிச் சுவரில் டிவி, அதைப் பார்த்தபடி மூன்று பேர் உட்காரும் சோஃபா. உட்கார்ந்தால் காது டிவி சுவரிலிருந்து 11 அடியில் வரும். டிவிக்கு இடப்பக்க மூலையில் ஒரு 12 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ் எனும் அடி ஒலிக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) ஏற்கெனவே இருந்தது. சோஃபாவின் இரண்டு ஓரத்திலும் பேஸ் குமுறியது. நடு இருக்கையில் அதே காட்சிக்கு, அதே வால்யூமில், பாதி பேஸைக் காணவில்லை. ஏற்றினால் ஓரத்தில் இருப்பவருக்குக் காது அடைக்கும், இறக்கினால் நடுவில் இருப்பவருக்கு ஒன்றுமே இருக்காது.

இந்தக் குறைக்குச் சப்வூஃபர் பொறுப்பில்லை. அறைதான் காரணம். அதை நிரூபிக்க அளக்கும் மைக் கூட வேண்டாம், அளவு டேப் போதும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் மோதித் திரும்பும்போது சில அலைவரிசைகள் அறையின் அளவோடு ஒத்துப்போய் நின்றுவிடும். முதலாவது எங்கே விழும் என்று பார்க்க, ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரிக்கு, வேகம் விநாடிக்கு 348 மீட்டர். 16 அடி என்பது 4.88 மீட்டர், விடை 36 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 48, 10 அடி உயரத்துக்கு 57. இவற்றின் இரு மடங்கான 71, 95, 114 ஆகியவற்றிலும் அடுத்தடுத்து நிற்கும்.

நிற்கும் அலைக்குச் சுவரோரம் எப்போதும் உச்சம். முதல் அலைக்குச் சரியாக நடுவில் பள்ளம். 48 ஹெர்ட்ஸின் பள்ளம் 12 அடி அகலத்தின் மையத்தில், அதாவது 6 அடியில் விழுகிறது. சோஃபாவின் நடு இருக்கை இருப்பது அங்கேதான். ஓர இருக்கைகள் மையத்திலிருந்து விலக விலக அந்த 48 ஹெர்ட்ஸ் ஏறிக்கொண்டே போகும். மூலையில் வைத்த சப் எல்லா அலைகளையும் முழு வேகத்தில் கிளப்பிவிடும். மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவராக இருந்தால் சுவரே கொஞ்சம் அதிர்ந்து பேஸை உறிஞ்சிக்கொள்ளும். செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படி விட்டுக்கொடுக்காது. அதனால் நம் வீடுகளில் உச்சமும் பள்ளமும் இன்னும் கூர்மையாக இருக்கும்.

ஈக்வலைசரை வைத்து 48 ஹெர்ட்ஸை இறக்கினால் ஓரங்கள் சரியாகும், நடு இருக்கை இன்னும் காலியாகும். ஏற்றினால் நேர் எதிர். ஒரே சப்பை வைத்துக்கொண்டு இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. இரண்டாவது சப் வாங்குவது இதற்காகத்தான். சத்தம் கூடுவது கூடவே வருகிற லாபம். முதன்மையான வேலை, எல்லா இருக்கைக்கும் ஒரே பேஸைக் கொண்டுசேர்ப்பது.

எப்படிச் சேர்க்கிறது? ஊஞ்சல் பலகையின் முன்பக்கம் ஒருவரும் பின்பக்கம் ஒருவரும் நின்று ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு தள்ளினால் ஊஞ்சல் அசையாது. எதிரெதிர்ச் சுவர்களில் வைத்த இரண்டு சப்களும் அந்த நீளத்தின் முதல் அலைக்கு இதைத்தான் செய்கின்றன. ஸ்பீக்கர்கள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002-இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி மாநாட்டில் இதைக் கணினிக் கணக்குகளோடு முன்வைத்தார். செவ்வக அறையில் நான்கு சுவர்களின் மையத்திலும் ஒவ்வொன்று வைப்பது சிறந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் இரண்டு வைத்தால் கிட்டத்தட்ட அதே பலன். நான்குக்கு மேல் போவதில் சொல்லும்படியான ஆதாயமில்லை. வீட்டு ஹாலுக்கு இரண்டு என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

எதை வாங்குவது

ஏற்கெனவே இருக்கும் சப்பின் அதே மாடல் இன்னும் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழையதை விற்றுவிட்டு, ஒரே மாதிரி இரண்டு வாங்குவது நல்லது. செலவு கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் வெவ்வேறு சப்களைச் சேர்ப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது.

மூடிய பெட்டிச் சப், தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் இறங்கும். போர்ட் (பெட்டியில் காற்று வந்துபோகும் துளை) உள்ளது, போர்ட் ட்யூன் செய்த அலைவரிசைக்குக் கீழே 24 டெசிபல் வீதம் இறங்கும். இறக்கம் மாறும்போது ஃபேஸும் (அலை எந்தக் கணத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்பது) கூடவே மாறும். 30 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்த போர்ட் சப்பையும் ஒரு மூடிய சப்பையும் சேர்த்தால் 60 ஹெர்ட்ஸில் இரண்டும் கைகோத்து ஓடும். 30-ஐ நெருங்கும்போது பிரியத் தொடங்கும். அதற்குக் கீழே ஒன்று தள்ள மற்றது இழுக்கும். இரண்டு சப் போட்டும் 25 ஹெர்ட்ஸில் ஒரு சப்பைவிடக் குறைவாக வரும். ஃபேஸ் குமிழை எங்கே திருப்பினாலும் இது முழுதாகச் சரியாகாது. ஓரிடத்தில் ஒட்டினால் இன்னோரிடத்தில் பிரியும். ஒரே மாடலில் இந்தத் தலைவலியே கிடையாது. இரண்டுமே போர்ட், அல்லது இரண்டுமே மூடியது என்றால் பிராண்ட் மாறினாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

இந்த அறைக்கு மூடிய 12 இஞ்ச் இரண்டு. 1,920 கன அடி, கதவு சாத்தினால் நாலு பக்கமும் அடைப்பு. அறையின் முதல் அலையான 36 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறை தானே பேஸைத் தூக்கிக்கொடுக்கும். மூடிய சப் இறங்குகிற இறக்கத்தை அந்தத் தூக்கல் பெருமளவு ஈடுகட்டும். இதே இடத்தில் பெரிய போர்ட் சப் வைத்தால் 20-க்கும் 30-க்கும் நடுவே தேவைக்கு மேல் வீங்கும், பிறகு ஈக்வலைசரில் வெட்ட வேண்டியிருக்கும். ஹால், டைனிங், சமையலறை மூன்றும் கதவில்லாமல் திறந்து கிடக்கும் ஃபிளாட் என்றால் கதை வேறு. அங்கே சப்புக்குத் தெரிவது அந்த முழு இடமும்தான். அதற்குப் போர்ட் சப்தான் தாங்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 200 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். பார்க்க வேண்டியது எவ்வளவு கீழே, எத்தனை டெசிபல் இறக்கத்தோடு போகிறது என்பது. ‘20 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் அச்சிட்டு, பக்கத்தில் டெசிபல் போடாத எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரே அளவு சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) எவ்வளவு அசைகிறதோ, 20-இல் அதைப் போல நான்கு மடங்கு அசைய வேண்டும். கோனின் பரப்பும் அசையும் தூரமும்தான் அடிபேஸைத் தீர்மானிக்கின்றன. இரண்டு 12 இஞ்ச் கோன்களின் பரப்பு ஒரு 15 இஞ்ச் கோனைவிட அதிகம். பட்ஜெட் ஒரு பெரிய சப்பா, இரண்டு நடுத்தரமா என்று இழுபறியில் நின்றால், மூன்று பேர் உட்காரும் அறையில் தயங்காமல் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

மற்ற சாமான்கள்: ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் ஆம்ப்) ஒரே சப் அவுட்தான் இருந்ததால் நடுவில் மினிடிஎஸ்பி 2×4 ஹெச்டி, அதாவது ஒவ்வொரு சப்பின் சிக்னலையும் தனியே திருத்தும் சிறு பெட்டி. அளக்க யூமிக்-1 யுஎஸ்பி மைக், அதன் வரிசை எண்ணுக்கு உரிய கேலிப்ரேஷன் ஃபைல், லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் (இலவசம்), மைக் ஸ்டாண்ட், 5 மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு. ரிசீவரின் பின்னால் இரண்டு சப் அவுட் இருந்தாலும் உற்றுப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே ஒரே சிக்னலைத்தான் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி லெவல், தனி டிலே (தாமதம்) இருக்காது. ஆடிசி எக்ஸ்டி32 (அறையை அளந்து ஒலியைத் திருத்தும் தானியங்கி அமைப்பு) வகை ரிசீவர்களில் சப் ஈக்யூ ஹெச்டி (Sub EQ HT) என்ற வசதி இருந்தால் அது இரண்டையும் தனித்தனியே அளக்கும்.

வயரும் கரன்ட்டும்

பின்சுவர் சப்புக்கு ஸ்கர்ட்டிங் ஓரமாகச் சுற்றிப் போக 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வயர் தேவைப்பட்டது. இந்த நீளத்துக்குக் கடையில் விற்கும் ‘சப்வூஃபர் கேபிள்’ விலை அநியாயம். டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் ஆர்ஜி6 கோஆக்ஸியல் வயரே போதும். நடுக்கம்பி தடிமன், ஷீல்டும் நல்லது. அதன் வெளிப்பின்னல் அலுமினியம் என்பதால் ஈயம் பிடிக்காது. ஆர்சிஏ பின்னை (சப்பில் சொருகும் சிக்னல் பிளக்) அதில் பற்றவைக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு முனையிலும் எஃப் கனெக்டரை கிரிம்ப் செய்து, எஃப்-ஆர்சிஏ அடாப்டரைத் திருகினால் உறுதியான கேபிள் தயார். கிரிம்ப் செய்யுமுன் பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் சப் ஊமை. கேசிங் கேப்பிங்கில் இழுக்கும்போது கரன்ட் வயர் ஓடும் அதே பட்டையில் போடாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குத்தாகக் கடக்கட்டும்.

ரிசீவர், மினிடிஎஸ்பி, இரண்டு சப் நான்கும் ஒரே சுவிட்ச்போர்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் வழியாக. பின்சுவரில் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறதே என்று அதில் சொருகினால் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் தொடங்க வாய்ப்பு அதிகம். இரண்டு பாயின்ட்டின் எர்த்துக்கும் இடையே இருக்கும் சிறு வித்தியாசம், ஆர்சிஏ ஷீல்டு வழியாக ஓடிச் சப்பில் கேட்கிறது. முனகல் வந்தால் முதலில் சப்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் லூப். நிற்காவிட்டால் சப்பின் ஆம்ப்பிலேயே கோளாறு. எர்த் லூப் என்றால் அடுத்து செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள். மாடியில் எங்கோ எர்த் ஆன அந்த வயர்தான் பெரும்பாலும் குற்றவாளி. எதற்கும் மசியாவிட்டால் ஆர்சிஏ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆனால் மலிவானது 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னலைத் தின்றுவிடும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் முனகல் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான். உள்ளே ஒரு கோளாறு வந்தால் உலோகப் பகுதிகளில் கரன்ட் நிற்கும், தொடுகிற குழந்தையின் உயிர் போகும். அதைச் செய்யவே கூடாது.

கரன்ட் போனபோது மட்டும் ‘ர்ர்ர்’ என்று ஒலி வந்தால் சதுர அலை இன்வெர்ட்டர்தான் காரணம். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறும்வரை அது போகாது.

சப்பின் முதுகில் இருக்கும் குமிழ்கள்: கிராஸ்ஓவர் குமிழை (எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டுவது என்பதைச் சொல்வது) உச்சத்துக்கு, அல்லது எல்எஃப்ஈ (படத்தின் தனி பேஸ் தடம்) என்ற நிலைக்கு. வடிகட்டுவது ரிசீவரின் வேலை. சப்பும் சேர்ந்து வடிகட்டினால் 80 ஹெர்ட்ஸ் அருகில் இரட்டை இறக்கம் வரும். ஃபேஸ் இரண்டிலும் 0. ஆட்டோ ஸ்டாண்ட்பையை நிறுத்திவிட்டு ‘ஆன்’ வைக்கவும். இல்லையென்றால் இரவில் மெதுவாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று விழித்திருக்கும், மற்றது தூங்கிவிடும்.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரும் ‘ஸ்மால்’ (பேஸைச் சப்புக்கு அனுப்பும் நிலை), கிராஸ்ஓவர் 80, எல்எஃப்ஈ வடிகட்டி 120 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் மோடில் ‘எல்எஃப்ஈ + மெயின்’ என்று ஒன்று இருக்கும். ஆசையாக இருந்தாலும் தொடாதீர்கள். முன் ஸ்பீக்கர்களும் சப்களும் ஒரே பேஸை வெவ்வேறு இடத்திலிருந்து வாசித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது

இந்த வேலையில் முக்கால்வாசிப் பலன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இங்கே செலவு எதுவும் இல்லை, முதுகுவலி மட்டும்தான். அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம் இது.

மூன்று அமைப்புகள் இந்த அறைக்குப் பொருந்தும். முன்சுவரின் இரண்டு மூலை: அகலத்தின் 48 அடங்கும், நீளத்தின் 36 அப்படியே இருக்கும். முன் இடது மூலையும் பின் வலது மூலையும், அதாவது குறுக்காக: 36-உம் 48-உம் இரண்டும் அடங்கும், ஆனால் இரண்டு திசையும் கலந்து பிறக்கும் 59 ஹெர்ட்ஸ் அலையை இரண்டு சப்பும் சேர்ந்து கிளப்பும். முன்சுவர் மையமும் பின்சுவர் மையமும்: 36-ஐ இரண்டும் சேர்ந்து அடக்கும். 48-இன் பள்ளத்திலேயே இரண்டு சப்பும் உட்கார்ந்திருப்பதால் அது கிளம்பவே கிளம்பாது. பக்கச்சுவர்களின் மையம் இதற்குச் சமமான பலன் தரும், ஆனால் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் நடைபாதை.

முன்-பின் மையம் முடிவானது. முன்னால் டிவி யூனிட் இருந்ததால் சரியான மையம் கிடைக்கவில்லை. ஒன்றரை அடி இடப்பக்கம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அதனால் என்ன நஷ்டம் என்றும் கணக்குப் போடலாம். இடச்சுவரிலிருந்து நாலரை அடியில் இருக்கும் சப், மூலையில் இருக்கும் சப் கிளப்புவதில் 38 சதவீதம்தான் 48 ஹெர்ட்ஸைக் கிளப்பும். டெசிபலில் 8-க்கு மேல் குறைவு. ஏற்றுக்கொள்ளக்கூடிய சமரசம். ஓர் அடி, ஒன்றரை அடி பிசகுவதற்காகத் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை.

பலர் மறந்துவிடும் இன்னொன்று, சோஃபாவும் நகரக்கூடியதுதான். நீளத்தின் இரண்டாவது அலையான 71 ஹெர்ட்ஸுக்கு நீளத்தின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் பள்ளம்: 4 அடியிலும் 12 அடியிலும். முன்-பின் சப்கள் இந்த 71-ஐ அடக்காது, சேர்ந்து கிளப்பும். காது 11 அடியில் இருந்ததால் பள்ளத்துக்கு ஓர் அடிதான் தள்ளி. அந்த அலையின் 38 சதவீதம்தான் அங்கே கேட்கும். சோஃபாவை ஓர் அடி முன்னே இழுத்துக் காதை 10 அடிக்குக் கொண்டுவந்ததும் அது 71 சதவீதமாகிறது. பேஸ் கித்தாரும் மிருதங்கத்தின் தொப்பியும் பேசுகிற வட்டாரம் இது. படத்தைவிடப் பாட்டில் இந்த ஓர் அடி நன்றாகத் தெரியும். 8 அடிக்கு மட்டும் போகாதீர்கள், அது 36-இன் பள்ளம்.

சதுரமோ செவ்வகமோ இல்லாத அறை, எல்-வடிவ ஹால் என்றால் கணக்கு உதவாது. சப்பைத் தூக்கிச் சோஃபாவின் மேல், தலை இருக்கும் இடத்தில் வைத்து, 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏறும் ஸ்வீப்பை ஓட்டிக்கொண்டு, சப் வைக்கச் சாத்தியமான இடங்களில் குனிந்து தரையோரம் கேளுங்கள். எங்கே ஏற்றஇறக்கம் குறைவாகக் கேட்கிறதோ அங்கே ஒன்றை வையுங்கள். பிறகு இரண்டாவதற்கு மைக்தான் வழி.

போர்ட் பின்பக்கம் உள்ள சப் என்றால் சுவருக்கும் போர்ட்டுக்கும் நடுவே போர்ட்டின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள். நெருக்கினால் ‘புஸ்’ என்று காற்று ஊதும் சத்தம் வரும்.

அளப்பதும் சேர்ப்பதும்

மைக் காது உயரத்தில், கூரையைப் பார்த்தபடி. மூன்று இருக்கையிலும் தனித்தனியே அளக்க வேண்டும். நடு இருக்கையை மட்டும் அளந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போவோம். ஃபேனை நிறுத்துங்கள். மைக்கில் படும் காற்று 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே பொய்யான பேஸைக் காட்டும். கதவு, ஜன்னல் எல்லாம் படம் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும்.

மென்பொருளில் ஸ்வீப் 15 முதல் 200 ஹெர்ட்ஸ், 75 டெசிபல் அளவில். டைமிங் ரெஃபரன்ஸை ‘அக்குஸ்டிக்’ என்று வைத்து, முன் இடது ஸ்பீக்கரை அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்வீப்புக்கு முன்னும் அந்த ஸ்பீக்கர் ஒரு ‘கீச்’ எழுப்பும். அதை வைத்துத்தான் எந்தச் சப் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று மென்பொருள் அறிகிறது. இது இல்லாமல் எடுத்த வரைபடக் கோடுகளில் ஃபேஸ் நம்பத்தக்கதல்ல, கூட்டிப் பார்க்கவும் முடியாது. ஸ்மூத்திங் (கோட்டின் ஏற்றஇறக்கத்தை மழுப்பிக் காட்டுவது) வேண்டாம்.

முதலில் இரண்டு சப்பின் கெய்னையும் (சப்பின் சத்த அளவுக் குமிழ்) சமமாக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பம் சகஜம். பின்சுவர் சப் காதிலிருந்து 5 அடி, முன் சப் 9 அடி. இருக்கையில் மைக்கை வைத்து இரண்டும் ஒரே டெசிபல் காட்டும்படி திருகினால், பின் சப்பை இறக்கி முன் சப்பை ஏற்ற வேண்டிவரும். அப்படிச் செய்தால் 36 ஹெர்ட்ஸை இரண்டு பக்கமும் ஒரே பலத்தோடு தள்ளுவது போய்விடும், அலை மீண்டும் எழும். அதோடு முன் சப் மட்டும் அதிகம் உழைத்து முதலில் திணறும். ஒரே மாடல் இரண்டு என்றால் கோனிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் மைக்கை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அந்தக் குமிழ்களைத் தொடவே வேண்டாம்.

அடுத்து முன் சப் மட்டும், பின் சப் மட்டும், இரண்டும் சேர்ந்து, மூன்று இருக்கையிலும். சேர்ந்த கோடு தனிக்கோடுகளைவிட மேலே இருக்க வேண்டும். முழுதும் ஒத்துப்போகும் இடத்தில் 6 டெசிபல்வரை ஏறும். 30-க்கும் 60-க்கும் நடுவே, எல்லா இருக்கையிலும், சேர்ந்த கோடு தனிக்கோட்டுக்குக் கீழே விழுந்தால் ஒரு சப்பின் போலாரிட்டி தலைகீழ், அதாவது ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஃபேஸ் ஸ்விட்ச்சை 180-க்குத் தட்டி மறுபடி அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

டிலேயில் பொறுமை வேண்டும். 4 அடி வித்தியாசம் என்பது 1.22 மீட்டர், 3.5 மில்லி விநாடி. பின் சப்பை அவ்வளவு தாமதித்தால் நடு இருக்கைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று நினைக்கத் தோன்றும், தானியங்கி அமைப்புகளும் அதைத்தான் செய்யும். ஆனால் 36 ஹெர்ட்ஸில் 3.5 மில்லி விநாடி என்பது 45 டிகிரி ஃபேஸ். அறையின் இரண்டு முனையிலிருந்தும் ஒரே கணத்தில் தள்ளினால்தானே அந்த அலை அடங்கும்? சமச்சீராக வைத்த சப்களுக்கு முதலில் டிலே 0 வைத்து அளந்து பாருங்கள். பிறகு 1, 2, 3 என்று ஏற்றி, மூன்று இருக்கையின் கோடுகளும் எப்போது ஒன்றோடொன்று நெருங்கி ஓடுகின்றன என்று பாருங்கள். இந்த அறையில் 0 தான் நின்றது. ஒரு சப் மூலையிலும் மற்றது சோஃபா பக்கத்திலுமாக, சமச்சீர் இல்லாமல் வைத்தவர்களுக்கு டிலே கட்டாயம் வேண்டும். ஒவ்வொன்றாகத் திருகி அளப்பது அலுப்பு என்றால் மல்டி-சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருளில் எல்லா இருக்கையின் அளவுகளையும் கொடுத்துவிட்டால் டிலே, லெவல், ஃபில்டர் மூன்றையும் அதுவே கணக்கிடும்.

சப்கள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இனி ரிசீவருக்கு அவை ஒரே சப். ரிசீவரின் தானியங்கி அளவை இப்போது ஓட்டலாம், இதற்கு முன்னால் ஓட்டுவதில் பயனில்லை. ஓட்டி முடித்ததும் சப்பின் தூரம் உண்மையான தூரத்தைவிட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்பின் உள்சுற்றும் மினிடிஎஸ்பியும் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. லெவலில் சப் மைனஸ் 12-இல் முட்டிக்கொண்டு நின்றால், அதற்குக் கீழே போக ரிசீவரிடம் இடமில்லை என்று பொருள். மினிடிஎஸ்பியின் உள்ளீட்டில் இரண்டுக்கும் பொதுவாக இறக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

முன் ஸ்பீக்கரும் சப்பும் சந்திக்கும் 80 ஹெர்ட்ஸில் ஒட்டுகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். மினிடிஎஸ்பியில் இரண்டு சப் அவுட்டின் போலாரிட்டியையும் தற்காலிகமாகத் தலைகீழாக்கி, இடது ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து அளங்கள். ரிசீவரில் சப் தூரத்தை ஓர் அடி ஓர் அடியாக மாற்றுங்கள். ஓர் அடி என்பது சுமார் 0.9 மில்லி விநாடி. 80-இல் பள்ளம் எங்கே மிக ஆழமாகிறதோ அங்கே நிறுத்திப் போலாரிட்டியைத் திருப்பிவிட்டால் அந்தப் பள்ளம் நிரம்பிய மேடாகிவிடும். மேட்டைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது எளிது, கூர்மையாகத் தெரியும்.

ஈக்வலைசர் கடைசியில்தான். மூன்று இருக்கையிலும் பொதுவாக இருக்கும் உச்சங்களை மட்டும் வெட்டுங்கள். உயரத்தின் 57 ஹெர்ட்ஸ் இதற்கு ஏற்றது: மூவரின் காதும் ஒரே உயரத்தில் இருப்பதால் மூவருக்கும் ஒரே அளவில் கேட்கும், ஒரே ஃபில்டரில் அடங்கும். க்யூவை (ஃபில்டர் எவ்வளவு குறுகலாக வெட்டும் என்ற எண்) 5 அளவில் வைத்து, கோடு சமமாகும்வரை இறக்கினால் போதும். ஓர் இருக்கையில் மட்டும் தெரியும் பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப் பத்து மடங்கு வாட் தர வேண்டும். பள்ளமோ, எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவையும் அழித்துக்கொண்டே இருக்கும். பரந்த சரிவுக்கு 3 டெசிபல்வரை ஏற்றலாம், அதுவும் 25-க்கு மேல். எல்லாம் சமமான பிறகு கேட்டால் பலருக்குப் பேஸ் மெலிந்ததாகத் தோன்றும். 100-இலிருந்து 20 நோக்கி 4 முதல் 6 டெசிபல் ஏறும் சாய்வு கொடுத்தால் நிறைவாக இருக்கும்.

அளவுகள் முடிந்ததும் 20 முதல் 120 ஹெர்ட்ஸ்வரை மெதுவான ஸ்வீப்பைப் படம் பார்க்கும் சத்தத்தில் ஓட்டி அறையைச் சுற்றி நடங்கள். ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, ஏசியின் காற்றுத் தடுப்பு, ஃபால்ஸ் சீலிங்கின் லைட் வளையம், சுவர்க் கடிகாரம் என ஒவ்வொன்றும் தனக்குரிய ஹெர்ட்ஸில் நடுங்கும். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் ஃபெல்ட் பட்டை, கொக்கிக்கு ரப்பர் வாஷர், சட்டங்களின் பின்னால் ஒட்டும் பஞ்சு. இந்த நடுக்கங்களைத்தான் பலர் ‘சப் கிழிகிறது’ என்று எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குத் தூக்கிப்போகிறார்கள்.

கீழ்வீட்டில் ஆள் இருந்தால் சப்பின் காலடியில் கெட்டியான ரப்பர் பாய் போடலாம். பெட்டியிலிருந்து தரைக்கு இறங்கும் அதிர்வை அது குறைக்கும். காற்றில் போகும் பேஸை அது ஒன்றும் செய்யாது. அதற்காக இரவு நேரத்துக்கென்று 40-க்குக் கீழே இறக்கிய ஓர் அமைப்பை மினிடிஎஸ்பியின் இரண்டாவது ப்ரீசெட்டில் சேமித்து வைத்திருக்கிறது. மூன்றாவது ப்ரீசெட் ஜன்னல்கள் திறந்திருக்கும் நேரத்துக்கு. திறந்தால் அறை தரும் தூக்கல் பெருமளவு வெளியே போய்விடுகிறது, சாத்திய அறைக்குப் போட்ட சாய்வு போதாமல் போகிறது. அந்த நிலையில் தனியாக அளந்து, 30-க்குக் கீழே 3 டெசிபல் கூட்டி, அதற்குக் கீழே கோன் அளவுக்கு மீறி அசையாமலிருக்க 18 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டரும் போட்டாயிற்று.